மயில் என்று தேடினால்: வன்னிக் கிராமமொன்றின் பழைய படத் தொகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம் உள்ள ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில் பழைய படங்களைச் சேர்த்து, ஸ்கேன் பண்ணி, கணினியில் ஏற்றி வைக்கும் வேலை நடக்கிறது. அதில் கை கொடுப்பவர்களில் நானும் ஒருவன். தேடும் பெட்டியில் ‘மயில்’ என்று அடித்தபோது என்னென்ன வந்தன, அவற்றை என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பார்க்கச் சின்ன விடயம்தான். ஆனால் வன்னியில் ஒரு பழைய படத்தின் பெறுமதி வேறு.

பல தடவை இடம்பெயர்ந்த சனம் இது. 2008, 2009இல் கடைசியாக ஓடியபோது உடுப்புப் பையும் பிள்ளைகளும்தான் கையில். அல்பங்கள் வீட்டோடு போயின. பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து கிண்டி எடுத்தபோது, ஈரமேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்கள்தான் கிடைத்தன. இன்றைக்கு ஒரு குடும்பத்திடம் இருக்கும் கல்யாணப் படம், பல வேளை ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள சொந்தக்காரர் வைத்திருந்த பிரதியின் பிரதி. வட்ஸ்அப்பில் வந்து சேரும்போதே பாதித் தெளிவு போய்விடும். அதனால் படத்தின் பின்புறம் பேனையால் எழுதிய ஒரு வரியைக்கூட நாங்கள் தவற விடக்கூடாது.

தொகுப்புக்குப் படங்கள் இரண்டு வழியாக வந்தன. ஒன்று, வீடுகளிலிருந்து வந்த குடும்பப் படங்கள். மற்றது, உயர்தர மாணவர்கள் ஒரு கண்காட்சிக்காக வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் பொதுப் படக் களஞ்சியங்களிலிருந்து இறக்கிய பழைய ஓவியங்கள், அச்சுப்படங்கள், புகைப்படங்கள். கண்காட்சியின் பொருள் மயில். அவர்கள் அதைத் தேர்ந்ததில் வியப்பில்லை. இங்கே காலையில் படலையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். விதைப்புக் காலத்தில் வயலுக்குள் இறங்கினால் கமக்காரருக்குத் தலையிடியும் அதுதான்.

பிள்ளைகள் இறக்கிய படங்களையும் வீட்டுப் படங்களையும் ஒரே எக்செல் தாளில் போட்டு, ‘குறிச்சொல்’ என்ற ஒற்றை நிரலில் மயில் என்று அடித்துக்கொண்டே போனார்கள். ஆங்கிலத்தில் பீகொக் என்று இருந்தாலும் சரி, தமிழில் மயில் என்று தொடங்கினாலும் சரி, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியது. பிறகு தேடிப் பார்த்தால் போர்க்கப்பல் வருகிறது, பனிப்பாறை வருகிறது, சிம்மாசனம் வருகிறது, தலைப்பாகை கட்டிய மனிதர் வருகிறார், மாட்டு வண்டில் வருகிறது. உண்மையான மயிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டுப் படங்களில் பறவை அரிதாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படம்தான் எடுக்கலாம். அதைக் கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா, செத்தவீடு என்று பார்த்துப் பார்த்துச் செலவழித்த காலம் அது. வரம்பில் நிற்கும் மயிலுக்கு யார் பிலிம் செலவழிப்பார்கள்? ஸ்டூடியோவின் பின்திரையில் தூரிகையால் வரைந்த மயில்தான் நிறைய வீடுகளிலிருந்து வந்தது.

கப்பல்களை முதலில் பிரித்தோம். பிரித்தானியக் கடற்படையின் பீகொக் என்ற போர்க்கப்பலை 1813 பெப்ரவரியில், தென்னமெரிக்காவின் கயானாக் கரைக்கு அப்பால், அமெரிக்கரின் ஹோர்னெற் என்ற கப்பல் அடித்து மூழ்கடித்தது. ஹோர்னெற் என்றால் குளவி. வென்ற அமெரிக்கர் அதே ஆண்டு தாங்கள் கட்டி இறக்கிய புதுக் கப்பலுக்குத் தோற்ற கப்பலின் பெயரையே வைத்தார்கள். அந்த அமெரிக்க மயில் 1814இல் பிடித்த பிரித்தானியக் கப்பலின் பெயர் எப்பேர்வியே, பிரெஞ்சு மொழியில் வல்லூறு வகைப் பறவை ஒன்றின் பெயர். ஆக, ஒரே பெயரில் எதிரெதிர் நாடுகளின் இரண்டு கப்பல்கள். அச்சுப்படத்தில் எது எதுவென்று அறியக் கொடியையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். மூழ்கும் கப்பல் பீகொக் என்றால் அது பிரித்தானியருடையது. வல்லூறைத் துரத்தும் கப்பல் பீகொக் என்றால் அமெரிக்கருடையது.

பனிப்பாறைப் படமும் இதே வழியில் தெளிந்தது. அமெரிக்கக் கடற்படையின் பெரிய ஆய்வுப் பயணத்தில் பீகொக் என்ற பெயரோடு ஒரு கப்பல் போனது. 1840இல் தென்துருவப் பனிக்குள் அகப்பட்டு மோதி, உடைந்த சுக்கானோடு தப்பி வந்தது. பயணத்தின் ஓவியர் அல்பிரட் அகேற் அந்தக் காட்சியை வரைந்தார். அடுத்த ஆண்டு கொலம்பியா ஆற்று முகத்துவார மணல் திட்டில் ஏறி அது உடைந்தது. ஆட்கள் பிழைத்தார்கள். அந்த மணல் திட்டுக்கு இன்றும் பீகொக் என்றே பெயர். பறவையிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு, அதிலிருந்து மணலுக்கு என்று அந்தப் பெயர் நடந்திருக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடித்துக்கொண்டது. முகத்துவார மணல் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மயிலாசனம்தான் எங்களுக்கு நல்ல பாடமாக அமைந்தது. ‘ஷாஜகானின் மயிலாசனம்’ என்ற விளக்கத்தோடு ஒரு புகைப்படம் இருந்தது. ஷாஜகான் அந்த ஆசனத்தில் முதன்முதலில் அமர்ந்தது 1635இல். 1739இல் பாரசீகத்து நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடியபோது அதை அள்ளிக்கொண்டு போனான். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல், சரியாக நூறு ஆண்டு கழித்து. அதற்குள் ஷாஜகானின் ஆசனம் பிரிக்கப்பட்டுக் காணாமல் போய்விட்டது. அப்படியென்றால் புகைப்படத்தில் இருப்பது வேறு ஆசனமாகத்தானே இருக்க வேண்டும்? தேடிப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் பத்அலி ஷாவுக்குச் செய்த ஆசனம் அது. முதலில் அதன் பெயர் சூரிய ஆசனம். மன்னரின் மனைவியரில் ஒருவர் தாவூஸ் கானும். தாவூஸ் என்றால் பாரசீகத்தில் மயில். அவர் பெயரால் அதுவும் மயிலாசனம் ஆயிற்று. ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய ஆசனத்தை நாங்கள் ஒரு பறவையின் பெயரில், இன்னொரு அரசனின் கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

இந்த 1839 என்ற ஆண்டு பிறகு எங்களுக்கு ஒரு அளவுகோலாகவே ஆகிவிட்டது. வீட்டுப் படமொன்றில் தலைப்பாகையும் கோட்டும் அணிந்த ஒருவர் இருக்கிறார். பின்புறத்தில் ‘மயில்வாகனம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை அதை யாழ்ப்பாண வைபவமாலை எழுதிய மயில்வாகனப் புலவர் என்று பதிந்திருந்தது. வன்னியர் கதையும் வருகிற நூல் என்பதால் அந்தப் பெயர் பிள்ளைகளின் மனதில் இருந்தது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தவர், 18ஆம் நூற்றாண்டு. அவரைப் புகைப்படம் எடுக்க வழியே கிடையாது.

மயில்வாகனம் என்பது எங்கள் பக்கத்தில் ஆளுக்கு வைக்கிற பெயர், முருகனுடைய பெயர். கூப்பிடும்போது மயிலர், மயிலு, மயிலண்ணை என்று குறுகிவிடும். அதே பெயரில் பெயர்பெற்றவர்களும் உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் இயற்பெயர் மயில்வாகனம். 1924இல் துறவு பூணும்போதுதான் விபுலானந்தர் ஆனார். அதற்கு முந்திய படங்களை எந்தப் பெயரில் தேடுவது? இரண்டு பெயரிலும் கிடைக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். பிறகு இலங்கை வானொலி அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனம். அவர் குரலைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். பெயரைச் சொன்னாலே முகம் மலரும். தலைப்பாகைக்காரர் இந்த இருவரும் அல்ல. அவரை ‘மயில்வாகனம், ஆண், யாரென அறிய வேண்டும்’ என்றே பதிந்தோம். படத்தைத் தந்த குடும்பம் அவரைத் தாய்வழிப் பாட்டனின் தமையன் என்று நினைக்கிறது. அதையும், ‘குடும்பத்தார் கூற்று’ என்ற குறிப்போடு எழுதினோம்.

இனி அதே பெயர், மரத்தில் செதுக்கிய வாகனத்துக்கு. திருவிழாப் படங்களில் ‘மயில் வாகனம்’ என்று எழுதியிருந்தால் அது சுவாமி எழுந்தருளும் வாகனம். இரண்டு சொல்லாக எழுதினால் வாகனம், ஒரு சொல்லாக எழுதினால் ஆள் என்று பிரிக்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல யோசனை, ஆனால் எழுதியவர்கள் இடைவெளியைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. படத்தைத்தான் பார்க்க வேண்டும். அலகில் பாம்பு, விரித்த தோகை, கீழே தோளில் தாங்கும் கொம்பு. அது இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பீகொக் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஆங்கிலேயர் சிலரும் வந்து சேர்ந்தார்கள். நாவலாசிரியர் தோமஸ் லவ் பீகொக் கிழக்கிந்தியக் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், இரும்பு நீராவிக் கப்பல்களுக்காக முன்னின்றவர். கணிதர் ஜோர்ஜ் பீகொக் இன்னொருவர். இருவரையும் ‘ஆள்’ என்று போட்டு நகர்ந்தோம். விசிலர் என்ற ஓவியர் 1876, 1877இல் இலண்டனில் ஒரு செல்வந்தரின் சாப்பாட்டு அறையை நீலமும் பொன்னுமாகத் தீட்டிய ‘மயில் அறை’ இப்போது வாசிங்டனில் இருக்கிறது. கூலி பற்றிய சண்டையில், காசைக் காலடியில் சிந்திவிட்டு நிற்கும் இரண்டு மயில்களைச் சுவரிலேயே வரைந்துவிட்டார் அவர். படம் அறையினுடையது, உள்ளே மயிலும் உண்டு. ஆகவே இதற்கு இரண்டு பதிவு.

வானத்திலும் ஒரு மயில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்த மாலுமிகள் தென்வானத்தில் கண்ட நட்சத்திரங்களைக் கூட்டி வரைந்த உருவங்களில் அது ஒன்று. 1603இல் பேயரின் நட்சத்திர வரைபட நூலில் அச்சாகியது. அதன் மிகப் பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பெயரே இருக்கவில்லை. 1930களின் இறுதியில், பிரித்தானிய விமானப்படைக்கான வழிகாட்டிப் பஞ்சாங்கம் தயாரித்தவர்கள், வழிகாட்டும் நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும் என்று அதற்குப் பீகொக் என்று பெயர் வைத்தார்கள். புரட்டாதி மாத முன்னிரவில் தெற்கே மரங்களுக்குச் சற்று மேலே, மழைமுகில் இல்லாவிட்டால், எங்கள் ஊரிலிருந்தும் அதைப் பார்க்கலாம்.

என் மனதைத் தொட்டது மயிற்கொன்றைப் படம். பாடசாலை வாசல்களிலும் வீட்டு வேலியோரத்திலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அதே செடி. மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர் 1699இல் தென்னமெரிக்காவின் சுரினாமுக்குப் போய், அங்குள்ள பூச்சிகளையும் அவை வாழும் செடிகளையும் வரைந்து, 1705இல் அம்ஸ்ரடாமில் நூலாக வெளியிட்டார். அதில் மயில்மலர் என்ற இலத்தீன் பெயரோடு இந்தச் செடி இருக்கிறது. கூடவே அவர் எழுதிய குறிப்பும் இருக்கிறது: தோட்டங்களில் அடிமைகளாக இருந்த பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று, கருவைக் கலைக்க இதன் விதையைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாக அவர் எழுதுகிறார். மாணவர்கள் இறக்கிய கோப்பில் பூவும் புழுவும் அந்துப்பூச்சியும் மட்டும்தான் இருந்தன, குறிப்பு இல்லை. குறிச்சொல் மயில். அந்தப் படத்தை அழகான பூப்படமாக மட்டும் வைத்திருப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். அதனால் படமும் குறிப்பும் பிரியாதபடி ஒரே கோப்பாக்கினோம்.

மாட்டு வண்டிலுக்கு வருகிறேன். உள்ளங்கையளவு கறுப்பு வெள்ளைப் படம், நான்கு ஓரமும் அலையாக வெட்டியது. மேல் மூலையில் கறையான் அரித்த ஓட்டை. வண்டிலில் பூட்டிய இரண்டு மாடுகள், பக்கத்தில் களிசான் போட்ட ஒரு பொடியன், பின்னால் ஒரு மேடும் அதற்கு அப்பால் வெளிறிய நீர்ப்பரப்பும். இடப்பக்க மாடு சாம்பல் வெள்ளை, கழுத்திலும் திமிலிலும் மட்டும் கருமை படர்ந்திருக்கிறது. வலப்பக்க மாடு உடல் முழுக்க ஒரே நடுத்தரக் கருமை. அதன் பின்தொடையில் குறிசுட்ட எழுத்து தெரிகிறது. படத்தின் பின்புறத்தில் நீல மையில், கொஞ்சம் கலங்கி, ‘எங்கட மயிலை’.

மயிலை என்றால் மயிலாப்பூர், பின்னால் தெரிவது கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் என்று ஒரு பதிவு. வேறொரு பிள்ளை மயிலிட்டி என்று போட்டிருந்தது. 1990இல் சனம் வெளியேறி, 2017இல்தான் துறைமுகம் திரும்பக் கிடைத்த ஊர். அந்த ஊரின் பழைய படம் என்றால் கட்டாயம் காப்பாற்ற வேண்டும் என்று அந்தப் பிள்ளை பதறியது எனக்கு விளங்குகிறது. படத்தைத் தந்த வீட்டிலேயே கேட்கலாம் என்று கொண்டு போனோம். வீட்டு ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“ஊரோ? உது மாடு தம்பி. இந்தப் பக்கம் நிக்கிறது மயிலை, மற்றது சிவலை. பின்னாலை தெரியிறது முத்தையன்கட்டுக் குளக்கட்டு.”

“பொடியன் ஆர் ஐயா?”

“நான்தான்.”

சாம்பல் நிற மாட்டை மயிலை என்றும் செந்நிற மாட்டைச் சிவலை என்றும் சொல்வது வண்டில் ஓட்டியவர்களுக்கு நாளாந்தப் பேச்சு. உழவு இயந்திரத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரிய நியாயமில்லை. ஐயா அதற்குப் பிறகு அந்த மயிலை எவ்வளவு தூரம் இழுத்தது, என்ன விலைக்கு வாங்கினார்கள், எந்த வருச வெள்ளத்தில் செத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். அவ்வளவையும் ஒலிப்பதிவு செய்து படத்தோடு இணைத்தோம். ஒரு குறிச்சொல் குழம்பிக் கிடந்ததால் கிடைத்த பதிவு இது. தொகுப்பிலேயே ஆகப் பெறுமதியானது என்று நான் சொல்வேன்.

பிறகு அந்தக் கல்யாணப் படம். கறுப்பு வெள்ளைதான். பின்புறம் ‘கூறை மயில்கழுத்து’ என்று மணமகளின் தங்கை எழுதியிருக்கிறார். நீலமும் பச்சையும் கலந்து மினுங்கும் அந்த நிறத்தைப் படம் காட்டவே முடியாது. சேலை இல்லை, நெய்தவர் இல்லை, அந்த நிறத்துக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த இரண்டு சொல். மயில் இல்லாத படம் என்று சொல்லி இதிலிருந்து மயிலை எடுத்துவிட்டால் நிறமும் போய்விடும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், பறவை இல்லாத படங்களில் எல்லாம் மயில் என்ற சொல்லை அழித்துவிடலாம் என்பதுதான் முதலில் வந்த ஆலோசனை. கண்காட்சிக்குப் பொறுப்பான ஆசிரியரின் நோக்கில் அது சரி, அவருக்குத் தேவை பறவை. ஆனால் தொகுப்பு கண்காட்சிக்குப் பிறகும் இருக்கப் போகிறது. கனடாவிலிருந்து ஒரு பேத்தி, பூட்டன் மயிலரைத் தேடி வரலாம். அவள் கையில் இருக்கக்கூடியது பெயர் மட்டும்தான். இதைப் பேசி ஆசிரியரும் ஏற்றுக்கொண்டார்.

கடைசியில் ஒற்றை நிரலை மூன்றாகப் பிரித்தோம். படத்தில் அல்லது அதன் பின்புறத்தில் உள்ள பெயர், எழுத்துப் பிழை இருந்தாலும் உள்ளபடி. படத்தில் உண்மையில் இருப்பது என்ன: பறவை, ஆள், ஊர், கப்பல், வாகனம், மாடு, பூ, நிறம், ஆசனம். மூன்றாவது, அது எப்படித் தெரியும்: கண்ணால் பார்த்ததா, பின்புற எழுத்தா, ஆண்டுக் கணக்கா, வீட்டார் சொன்னதா. இந்த மூன்றாவதை நிரப்பத்தான் நேரம் எடுக்கிறது, பிள்ளைகள் அலுத்துக்கொள்வதும் இதில்தான். இருந்தாலும் இதை விட்டுவிட நான் சம்மதிக்க மாட்டேன். நாளைக்கு யாராவது தலைப்பாகைக்காரரை அடையாளம் கண்டால், இப்போது எழுதியிருப்பதில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்த நிரல்தான் சொல்லும்.

இப்போது மயில் என்று தேடினால் எல்லாம் வருகின்றன, ஆனால் வகை வகையாக. பறவை மட்டும் வேண்டுமென்றால் அதை மட்டும் பார்க்கலாம். கண்காட்சி பறவையோடு நின்றுவிடவில்லை. கப்பல், ஆசனம், மயிற்கொன்றை, மயிலைக் காளை எல்லாவற்றையும் ஒரே சுவரில் தொங்கவிட மாணவர்களே முடிவெடுத்தார்கள். ஐயாவும் வந்து தன் மாட்டின் முன்னால் நின்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னார்.

அடுத்த பெயர் கிளி. அதில் சிக்கல் வேறு மாதிரி: தேடினால் கிளிநொச்சி என்று எழுதிய ஒவ்வொரு படமும் வந்து குவிகிறது, பறவையும் ‘கிளி’ என்று செல்லமாகக் கூப்பிட்ட பெண்பிள்ளைகளும் அதற்குள் புதைந்து போகிறார்கள். ஊர்ப்பெயரைத் தனி நிரலுக்கு மாற்றும் வேலையைப் பரந்தன், முரசுமோட்டைப் படங்களிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.